நொலாரி பார்க்காத மாத்திரை

நர்ஸ் கத்தோனி, நசியேகுவின் மேல் இமையைக் கட்டைவிரலால் மெல்லப் புரட்டினாள். நொலாரியின் எட்டு வயது மகள் அழவில்லை. கழுத்து மணிமாலைகளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இமையின் உட்பக்கம் சிவந்து தடித்து, ரவை தூவினாற்போல வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"மறுபடியும் வந்திருக்கே, நொலாரியக்கா" என்றாள் கத்தோனி.

நொலாரிக்கு முகம் சுண்டிவிட்டது. வேறு யாராவது என்றால் பிள்ளையின் கண்ணைப் பற்றி மட்டும் கவலைப்பட்டிருப்பார்கள். நொலாரிக்குக் கவலையோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. ஏனென்றால் அந்தக் குடியிருப்பில் கண்நோய் மாத்திரை கொடுக்கிறவளே அவள்தான். அதற்கென்று கொடுத்த நீலத் தொப்பியை, தலையைச் சுற்றிய மணிப்பட்டைக்கு மேல் அழுத்தி வைத்துக்கொள்வாள். வண்ணக் கோடு போட்ட உயரக்கோலை ஈட்டி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு முள்வேலிக்குள் அவள் நடந்து வந்தால், ஆடுகள்கூட ஒதுங்கி வழிவிடும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். படிப்பு கிடையாது. ஆனால் கோலில் எந்த நிறம் வரை தலை வருகிறதோ அதற்கு எத்தனை மாத்திரை என்பதில் ஒருநாளும் பிசகியதில்லை. கைக்குழந்தைகளுக்கு மாத்திரை கிடையாது, கண்ணில் இடுகிற களிம்புதான். அதையும் அவளே இமையை விலக்கி, பொட்டு வைப்பது போல வைத்துவிடுவாள்.

"எல்லாருக்கும் குடுத்தேன் சிஸ்டர். ஒருத்தரையும் விடல."

"குடுத்தீங்க. எல்லாரும் முழுங்கினாங்களா? இந்தக் கிருமி ஈ கால்ல ஒட்டிக்கிட்டுப் போகும், கை வழியா போகும், முகம் துடைக்கிற துணி வழியா போகும். ஊர்ல நாலு பேர் கண்ணுல அது குடியிருந்தாப் போதும். நாம பிள்ளைங்களுக்கு மருந்து குடுத்து விரட்டுவோம். அது அங்கேயிருந்து நடந்து திரும்பி வந்துடும்."

கத்தோனி புது மாத்திரைப் புட்டிகளை இறக்கி வைத்தாள். வண்டியில் ஏறும்போது, "இந்தத் தடவை ஒவ்வொருத்தரும் முழுங்கறதைக் கண்ணால பார்க்கணும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வண்டியின் புழுதி அடங்கும்வரை நொலாரி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நோய் கடைசியில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். வந்து வந்து போகும் புண், இமையின் உள்தோலை இழுத்துச் சுருக்கிவிடும். இமை உள்ளே மடங்கும். இமைமுடிகள் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியைக் கீறும். இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் நொலாரிக்கு அப்படி ஆயிற்று. ஒரு நாளில் எத்தனை முறை கண் சிமிட்டுகிறோம் என்று நாம் யாராவது நினைத்துப் பார்க்கிறோமா? அவள் ஒவ்வொரு முறையையும் அறிந்தாள். மரலால் டவுன் ஆஸ்பத்திரியில் இமையை அறுத்துத் தைத்த பிறகுதான் வெயிலை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வலி உங்களுக்கெல்லாம் கதையில் கேட்டதோடு போகட்டும். நசியேகுவுக்கும் அது வரக்கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

அன்றே தொப்பியை மாட்டிக்கொண்டு மாத்திரை கொடுக்கப் புறப்பட்டாள். பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள் எல்லாரையும் தன் எதிரில் நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒரு கிழவர் மட்டும், "கண்ணுல நோவு, வாயில எதுக்கு மருந்து?" என்று வழக்கம்போல முறைத்தார்.

"ஆடு கசப்பு இலை தின்னா பால் கசக்குதில்ல? வாயில போனது மடிக்கு எந்த வழியா வந்துச்சாம்? அதே வழியில இது கண்ணுக்குப் போகும். போய், கொஞ்ச நாள் இமைக்குள்ளயே உட்கார்ந்துக்கிட்டுக் கிருமியைக் கொல்லும். ம், முழுங்குங்க."

மிச்சம் இருந்தவர்கள் மொரான்கள். செம்மண் குழைத்துப் பூசிய சடையும், ஈட்டியும், இடுப்புத் துணியில் செருகிய செல்போனுமாகத் திரிகிற இளவட்ட வீரர்கள். நொலாரியின் மூத்தவன் லெபூ அவர்களில் ஒருவன். அவனை உயரக்கோலோடு நிற்க வைத்தால் கோல் அவன் மார்போடு முடிந்துவிடும். மகனை அளக்கத் தேவையில்லை என்று தெரிந்தும் அவள் ஒவ்வொரு தடவையும் அளப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வேண்டாமா?

மொரான்களை மட்டும் எதிரில் நின்று முழுங்கச் சொல்ல முடியாது. மணமான பெண்ணின் பார்வை பட்ட சாப்பாட்டை மொரான் தொடமாட்டான். தனியாகவும் சாப்பிடமாட்டான், கூட ஒரு தோழன் இருக்க வேண்டும். லெபூ மொரான் ஆன நாளிலிருந்து அவன் ஒரு கவளம் தின்று நொலாரி பார்த்ததில்லை. அதனால் வழக்கப்படி தலைக்கு நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, வேலி ஓரத்தில் அவன் கையில் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் குடுத்துடு. தூரமாப் போய்ச் சாப்பிடுங்க."

"சரிம்மா" என்றான் லெபூ. நல்ல பிள்ளை. எதிர்த்துப் பேசமாட்டான்.

அன்று சாயங்காலம், மாடுகள் திரும்புகிற நேரம். லெபூ தன் செவலை எருதை மணி குலுங்க நடத்திக்கொண்டு வந்தான். அந்த எருதுக்காக அவன் கட்டிய பாட்டைப் பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள்கூடப் பாடுவார்கள். நொலாரி அதன் நெற்றியைத் தடவப் போனவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நாளாக நீர் வடிந்துகொண்டிருந்த அதன் இடது கண்ணைச் சுற்றி, வெளிறின ரோஸ் நிறத்தில் ஏதோ பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் புட்டியில் பார்க்கிற நிறம்.

"லெபூ. இது என்னடா?"

"மருந்தும்மா" என்றான் அவன் சந்தோஷமாக. "நாலையும் கல்லுல நுணுக்கி எச்சில்ல குழைச்சுப் போட்டேன். சைதிமுவும் அவன் மாத்திரையைக் குடுத்தான். எல்லாருமே குடுத்தாங்க. என் எருதுமேல அவ்வளவு பிரியம் அவங்களுக்கு."

"போன தடவை?"

"போன தடவை சைதிமுவோட கன்னுக்குட்டி."

நொலாரி வேலி முள்ளைப் பிடித்துக்கொண்டாள். குத்தியதுகூட உறைக்கவில்லை.

"அடப்பாவி! நான் உங்களுக்குக் குடுத்தா நீங்க மாட்டுக்கா குடுக்கிறீங்க? உன் கண்ணைப் பார்த்தியா? காலையில பீளை கட்டி ஒட்டிக்கிட்டுக் கிடக்குது."

"அது புகைம்மா."

"புகையாம்! கண்ணைத் துடைக்கிற அதே இடுப்புத் துணியால தங்கச்சி முகத்தைத் துடைச்சு விடறியே, அவ கண்ணுலயும் புகையாடா போச்சு?"

லெபூவின் முகம் மாறியது. தங்கை என்றால் அவனுக்கு உயிர். காட்டிலிருந்து வந்ததும் முதலில் அவளைத்தான் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"நீ பார்த்த மாத்திரைம்மா அது. உன் கையால எடுத்து, எண்ணி, மடிச்சுக் குடுத்தே. நான் எப்படி முழுங்குவேன்? வேண்டாம்னு சொன்னா உனக்கு மரியாதைக் குறைவு. தூக்கிப் போட மனசு வரல. எருதுக்கு எந்த விலக்கும் கிடையாது. அதான்…"

நொலாரிக்குக் கோபம் தலைக்கேறித்தான் இருந்தது. ஆனாலும் அதற்கு அடியில், சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு பெருமிதம் மெல்ல எட்டிப் பார்த்தது. யாரும் பார்க்காத காட்டில்கூட விலக்கை மீறாத பிள்ளை. எத்தனை தாய்க்கு வாய்க்கும்? அந்தப் பெருமையைக் காட்டிக்கொள்ளாமல், "துணியைக் கழட்டிக் குடு, துவைக்கணும். வேற துணி கட்டிக்கோ. தங்கச்சியைத் தொடாதே" என்று மட்டும் சொன்னாள்.

துணியை உதறியபோது அதன் மடிப்பிலிருந்து பளபளவென்று ஒரு காகிதம் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். பிஸ்கட் உறை. நொலாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, உறையை நாலாக மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை பெரியவர் லெசுயாயின் முன்னால் எல்லா மொரான்களும் கூடினார்கள். இந்த இளவட்டத்துக்குச் சடங்கில் நெருப்புக் கடைந்து கொடுத்து மொரான் ஆக்கிய தலைமுறையின் மூப்பர் அவர். அவர் வாக்கை அவர்கள் தாண்டமாட்டார்கள். தாண்டினால் அவர் சாபம் பலிக்கும் என்று பயம். வேலமரத்தடியில் முக்காலியில் தலையைச் சற்றே உயர்த்தி அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் பால் படர்ந்தது போல வெளுத்திருந்தன. இதே நோய்தான். மாத்திரை வருவதற்கு முந்தின காலத்தில் பார்வையை இழந்தவர்.

"விலக்கைக் காப்பாத்தினது தப்பா ஐயா?" என்று கேட்டான் சைதிமு. லெபூவின் தோழன் அவன், வாயாடி.

"தப்பில்லை" என்றார் பெரியவர். "ஆனா மருந்து சாப்பாடா?"

"வாயில போகுது, தொண்டையில இறங்குது, வயித்துல உட்காருது. வேற எப்படி இருக்கும் சாப்பாடு?"

"அப்ப உங்களுக்கெல்லாம் ஊசி போடச் சொல்றேன்" என்றாள் நொலாரி. "அது வாய் வழியாப் போகாது. இம்மாம் நீள ஊசி."

மொரான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் இடுப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனான்.

"சிங்கத்தைத் துரத்துவாங்களாம்" என்றாள் நொலாரி. பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாயில போறது சாப்பாடுதான், நொலாரி. இந்த வயசுல வந்து நான் விலக்கை மாத்த முடியாது. வேற வழி இருந்தா சொல்லு."

நொலாரி தொப்பியைக் கழற்றினாள். உள்ளேயிருந்த காகிதத்தைப் பிரித்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்னன்னு என் பையனையே கேளுங்க ஐயா."

லெபூவின் காது சிவந்தது, பூசிய செம்மண்ணுக்கும் மேலாக. "பிஸ்கட் உறை."

"யார் தின்னது?"

"நானும் சைதிமுவும். மரலால் கடையில வாங்கினோம். காட்டுல போய்த்தான் தின்னோம், யாரும் பார்க்கல!"

"அதை அடுப்புல சுட்டது யாருடா? உங்க அப்பனா?" என்று கேட்டாள் நொலாரி.

கூட்டத்தில் ஒருவன் பொத்துக்கொண்டு சிரித்தான். சைதிமு விடவில்லை. "அது மூடின பாக்கெட்டுங்க ஐயா. உள்ள இருந்தது எந்தப் பொம்பள கண்ணுலயும் படல. நாங்கதான் பிரிச்சோம். மூடினது கணக்கில்லை."

"மூடினது கணக்கில்லையா?" என்றார் பெரியவர், ஒவ்வொரு சொல்லாக.

"கணக்கில்லைங்க ஐயா. மொரான்கள் எல்லாரும் அப்படித்தான்…" என்று இழுத்த சைதிமுவுக்கு அப்போதுதான் ஏதோ தட்டுப்பட்டது. நொலாரியைத் திரும்பிப் பார்த்தான். அவள் மடியிலிருந்து வெள்ளைப் புட்டி ஒன்றை எடுத்திருந்தாள். மூடியைச் சுற்றி ஒட்டின வளையம் அறுபடாமல் இருந்தது.

"பிரிக்காத புட்டி" என்றாள் நொலாரி. "உள்ள பார்க்க முடியாது. இதுக்குள்ள இருக்கிற ஒரு மாத்திரையைக்கூட என் கண்ணு கண்டதில்லை. மரலால் பிஸ்கட்டுக்கு ஒரு நியாயம், உங்கம்மா புட்டிக்கு ஒரு நியாயமா?"

பெரியவர் கையை நீட்டிப் புட்டியை வாங்கி, வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் மொரான்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் சைதிமுவும்.

"மாட்டிக்கிட்டியா? உன் வாயாலயே சொன்னே. இனிமே முழுங்காம தப்பிக்க முடியாது" என்றார் அவர். "ஆனா யாரு திறந்து குடுக்கிறது? முழுங்கினாங்களான்னு யாரு பார்க்கிறது? எனக்குக் கண்ணில்லை. மத்த கிழவங்களுக்கும் அரைப் பார்வைதான். உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அந்த நர்சும் புருஷன் உள்ளவ."

"கல்யாணமாகாத பெண்ணு பார்த்தா விலக்கு இல்லையே ஐயா" என்றாள் நொலாரி. "நசியேகு! இங்க வா."

கத்தோனியிடம் இரவே போன் பேசியிருந்தாள். உங்கள் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று கத்தோனி பிடிவாதமாகச் சொன்னதற்கு, "என் வயித்துல பொறந்த கண்ணு சிஸ்டர் அது, என் கண்ணுதான்" என்று பதில் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

நொலாரி நீலத் தொப்பியை மகள் தலையில் வைத்தாள். அது மூக்குவரை இறங்கியது. பின்னால் தள்ளிவிட்டாள். புட்டியை அவள் கையில் கொடுத்தாள். நாலு தப்படி நடந்துபோய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி, மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்த்தால் எல்லாம் வீண். அதனால் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

வளையம் அறுபடுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு ரெண்டு பேரா வாங்க" என்றது நசியேகுவின் குரல். நொலாரி பேசுவது போலவே அதட்டலாக. "கையை நீட்டு. நாலு. வாயில போடு. தண்ணி குடி. ம். வாயைத் திற."

"திறந்தாச்சு."

"நாக்கைத் தூக்கு."

"நாக்கெல்லாம் எதுக்குடி?"

"அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு எருதுக்குக் குடுப்பே. தூக்கு!"

பெரியவர் குலுங்கிச் சிரிக்கும் சத்தம். "தூக்குடா சைதிமு. அவ என் கண்ணு இப்ப. அவ சொல்றது நான் சொல்றது."

இரண்டு இரண்டு பேராக வந்துபோனார்கள். காலடிச் சத்தத்தை வைத்தே நொலாரி யார் யார் என்று கண்டுகொண்டாள். கடைசியில் ஒற்றையாய் ஒரு நடை நெருங்கியது. அது அவளுக்குத் தெரியாத நடையா?

"அண்ணா, நீ தனியா இருக்கே. தனியாச் சாப்பிடக்கூடாதே" என்றாள் நசியேகு.

"நான் கூட இருக்கேன்" என்றான் சைதிமு. "என் பங்கை முழுங்கிட்டேன். இவனோட சேர்ந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கிறேன், போதுமா அதிகாரியம்மா?"

"போதும். அண்ணா, கையை நீட்டு."

நொலாரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரைகள் உள்ளங்கையில் விழுந்து உருளும் மெல்லிய சத்தம் கேட்டது. சுரைக்குடுவை சாய்ந்தது. பிறகு மடக்கென்று ஒரு விழுங்கல். இன்னொன்று. வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பால்கஞ்சி குடித்த சின்ன வயதிலும் லெபூ அதே சத்தத்தோடுதான் விழுங்குவான். இத்தனை வருஷம் கழித்து அதை மறுபடி கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்தது. இமை தைத்த கண். நீர் வழிந்தாலும் கீறாத கண். துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் தொழுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாக்கைத் தூக்கு" என்றாள் நசியேகு, அண்ணன் என்றும் பாராமல்.

அடுத்த மழை பெய்து, புல் முழங்கால் உயரம் வந்தபோது கத்தோனியின் வண்டி வந்தது. இந்த நாட்களில் நொலாரி ஒரு புது வழக்கம் வைத்திருந்தாள். விடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீர் நசியேகுவின் முகத்துக்கு. கன்றுக்கு வேண்டிய தண்ணீர் என்று மாமியார் முனகினாலும் கேட்கவில்லை. லெபூவும் தன் முகத்துக்குத் தனித்துணி வைத்துக்கொண்டான். காலையில் அவன் கண் ஒட்டுவது நின்றிருந்தது. புகை என்னவோ அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கத்தோனி, நசியேகுவின் இமையைப் புரட்டினாள். வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். பிறகு நொலாரியைக் கிட்டே கூப்பிட்டு, "நீங்களே பாருங்க" என்றாள். உட்தோல் வழவழப்பாய், கன்றின் நாக்கு மாதிரி இளஞ்சிவப்பாய் இருந்தது. ஒரு பொரிகூட இல்லை.

"சுத்தமா இருக்குக்கா. மத்த பிள்ளைங்களையும் பார்த்தேன். இவ்வளவு நல்லா வேற எந்தக் குடியிருப்புலயும் பார்க்கல. அந்தப் பக்கத்து ஊர்ல மொரானுங்க இன்னும் தொடவே மாட்டேங்கறாங்க. நீங்க என்னதான் பண்ணினீங்கன்னு வந்து சொல்லிக்குடுங்களேன்."

நொலாரி பதில் சொல்வதற்குள், வேலிக்கு அந்தப் பக்கம் எருதோடு நின்றிருந்த லெபூ குரல் கொடுத்தான். "சிஸ்டர், என் செவலையோட கண்ணும் சரியாயிடுச்சு. முதல்ல குணமானது அதுதான். அதையும் எழுதிக்குங்க!"

"உன் எருது சொந்தக் கண்ணீரால குணமாச்சு, அடுத்தவங்க மருந்தைத் திருடிப் பூசிக்கிட்ட வெட்கத்துல" என்றாள் நொலாரி. கத்தோனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பக்கத்து ஊருக்கு எப்ப வரீங்க, அக்கா?"

"நான் எதுக்கு?" நொலாரி தலையைச் சாய்த்து மகளைப் பார்த்தாள். நீலத் தொப்பி இப்போதெல்லாம் நசியேகுவின் தலையில்தான் இருக்கிறது. நழுவாமல் இருக்க உள்ளே ஒரு பிஸ்கட் உறையை மடித்து வைத்திருக்கிறாள். "அதிகாரியம்மாவைக் கேளுங்க. அவங்க சொன்னா நான் கூட வந்து முதுகைக் காட்டிக்கிட்டு உட்காருவேன்."

நசியேகு உயரக்கோலை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கோல் அவளைவிட உயரம். நிமிர்ந்து நடந்து வண்டியை நோக்கிப் போனாள். வழியில் நின்ற ஆடுகள் இரண்டு, நிஜமாகவே, ஒதுங்கி வழிவிட்டன.